நின்றுபோன கிளாக்கும் ஒரு மேல்முறையீடும்

"கோரப்பட்ட கண்டுபிடிப்பு, டி1, டி2 ஆகிய ஆவணங்களைச் சேர்த்துப் படிக்கும் துறை வல்லுநருக்கு வெளிப்படையானது." டிஜிட்டல் சுற்றுக்குக் காப்புரிமை கேட்டவர்களில் பெரும்பாலோர் காப்புரிமை அலுவலகத்திடமிருந்து இந்த வாக்கியத்தை ஒருமுறையாவது கையில் வாங்கியிருப்பார்கள். டி1, டி2 என்பவை ஏற்கெனவே வெளிவந்த ஆவணங்கள்; அவற்றைப் படித்தவர் தானாகவே இதைச் செய்துவிடுவார், ஆகவே காப்புரிமை கிடையாது என்பது பொருள். இந்தத் துறையில் இதை எழுதுவது எளிது. எந்தச் சுற்றைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே ஆண்ட் கேட், ஆர் கேட், ஒரு பிட்டை நினைவில் வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப், துடிப்புகளை எண்ணும் கவுண்ட்டர் என்று கல்லூரி இரண்டாம் ஆண்டில் படித்தவைதான் இருக்கும். மருந்தென்றால் புது மூலக்கூறு என்று ஒன்றைக் காட்டலாம். இங்கே காட்டுவதற்குப் புதிய உறுப்பே கிடையாது. பாகங்களை எண்ணிக்கொண்டு போனால் உலகத்தில் எந்த டிஜிட்டல் கண்டுபிடிப்பும் தேறாது.

நான் பதிவுபெற்ற காப்புரிமை முகவர். வீடு பழைய வண்ணாரப்பேட்டை. அலுவலகம் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு காகிதக் கிடங்குக்கு மேலே மாடி அறை. உயர் நீதிமன்றம் நடந்து போகும் தூரம்தான் என்றாலும், அந்த நெருக்கத்தால் முன்பெல்லாம் எனக்குப் பயன் இருந்ததில்லை. காப்புரிமை மேல்முறையீடுகள் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 2021 ஏப்ரலில் அவசரச் சட்டத்தால் வாரியம் கலைக்கப்பட்டது. வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்கு வந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தில் இவற்றுக்கென்று அறிவுசார் சொத்துரிமைப் பிரிவும் தனி விதிகளும் உண்டாயின. விண்ணப்பத்தைத் தீர்மானிக்கும் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் முன் வாதிடும் உரிமை முகவருக்கு உண்டு. உயர் நீதிமன்றத்தில் வாதிடுவது வழக்கறிஞர். நான் அவருக்குத் தொழில்நுட்பக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காருகிறவள். அப்படி உட்கார்ந்த வழக்கு ஒன்றிலிருந்துதான் இங்கே எழுதுவதெல்லாம்.

கொருக்குப்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனம். காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டுத் தெர்மோகோல் பெட்டியில் அடைத்து வெளியூர் அனுப்புகிறார்கள் அல்லவா, அந்தப் பெட்டிக்குள் வைக்கும் வெப்பநிலைப் பதிவுக் கருவி அவர்கள் தயாரிப்பு. இதில் வெப்பநிலை எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம், அது எத்தனை மணிக்கு ஏறியது என்பதும். லாரியில் இருக்கும்போதா, குளிர்கிடங்கில் இருக்கும்போதா என்று சண்டை வந்தால் அந்த மணியை வைத்துத்தான் பஞ்சாயத்து முடியும்.

மணி காட்டுவது 32,768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டல். கைக்கடிகாரத்தில் இருப்பதும் அதுவே. 2-ஐ 15 முறை பெருக்கினால் வரும் எண் அது. 15 ஃபிளிப்-ஃபிளாப்புகள் வழியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு வந்தால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஓடுவதால் பேட்டரிக்கு நல்லது. அதே காரணத்தால் அதற்கு உயிரும் மெலிது. உப்பு ஈரம் பலகையில் படிந்து கிரிஸ்டலின் இரண்டு கால்களுக்கும் நடுவே சிறிது கசிவு ஏற்பட்டால் போதும், ஊசலாட்டம் நின்றுவிடும். ஈரம் காய்ந்தால் மறுபடி ஓடும். இதனால் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது: 'மணி தப்பாகக் காட்டுகிறது' என்று திருப்பி அனுப்பப்பட்ட கருவி, கொருக்குப்பேட்டைப் பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் காய்ந்துபோய், மேஜைமேல் ஒழுங்காக ஓடும். என்ன குறை என்றே பிடிபடாது. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. ஆர்டர் குறையும் அந்தப் பருவத்தில்தான் அவர்கள் உட்கார்ந்து, கருவியை ஐஸ் பெட்டிக்குள்ளேயே வைத்து, கம்பியை மட்டும் வெளியே இழுத்து அலைக்காட்டியில் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்.

சுற்றுக்குத் தாளம் போடும் துடிப்புக்குக் கிளாக் என்று பெயர். சிப்புக்குள் இன்னொரு கிளாக்கும் இருந்தது, மின்தடையும் மின்தேக்கியும் வைத்துச் செய்யும் ஆர்சி ஊசலி. நேரம் அவ்வளவு துல்லியமில்லை. ஆனால் வெளியே கால் நீட்டாததால் ஈரத்துக்கு அசையாது. கிரிஸ்டல் நின்றால் ஆர்சிக்கு மாறிக்கொள்வது, கிரிஸ்டல் திரும்பினால் திரும்புவது. யோசனை இவ்வளவுதான். இப்படிச் சொன்னால் யாருக்கும் வெளிப்படையாகத்தான் படும்.

இதற்கு அவர்கள் கேட்ட காப்புரிமை நிராகரிக்கப்பட்டது. இனி, அந்த ஆணை காட்டிய இரண்டு ஆவணங்கள். டி1, இரண்டு கிளாக்குகளுக்கு நடுவே துண்டுத் துடிப்பு இல்லாமல் மாறும் சுற்று. ஓடிக்கொண்டிருக்கும் கிளாக் பாதித் துடிப்பில் இருக்கும்போது வெட்டி மற்றொன்றை இணைத்தால், நடுவில் நூலிழை அகலத்தில் ஒரு துடிப்பு பிறக்கும். சில ஃபிளிப்-ஃபிளாப்புகள் அதை எடுத்துக்கொள்ளும், சில தவறவிடும். சுற்று முழுவதும் குழம்பும். அதைத் தடுக்க ஒவ்வொரு கிளாக்குக்கும் ஓர் அனுமதி ஃபிளிப்-ஃபிளாப். மாறச் சொன்னதும், ஓடுகிற கிளாக்கின் அடுத்த இறங்கு விளிம்பில், அதாவது துடிப்பு மேலிருந்து கீழே விழும் கணத்தில், அதன் அனுமதி விழும். அது விழுந்தது உறுதியான பிறகே மற்றதன் அனுமதி எழும். பேசின் பிரிட்ஜ் சந்திப்பில் முன்னால் போன ரயில் பாதையைக் காலி செய்தால்தான் அடுத்த ரயிலுக்குச் சிக்னல் விழுவது போல. டி2, கிளாக் நின்றுபோனதைக் கண்டுபிடிக்கும் வாட்ச்டாக் சுற்று. தனி ஊசலியில் ஓடும் கவுண்ட்டர். பிரதான கிளாக்கின் ஒவ்வொரு விளிம்பும் அதைச் சுழியமாக்கும். விளிம்பு வராமல் கவுண்ட்டர் நிரம்பினால் சிப் முழுவதையும் ரீசெட் செய்துவிடும்.

நிராகரிப்பு ஆணையின் காரணம் இது: டி2 கண்டுபிடிக்கிறது, டி1 மாற்றுகிறது, டி2-இன் வெளியீட்டை டி1-இன் தேர்வுக் கம்பியில் கொடுத்தால் விண்ணப்பதாரரின் சுற்று வந்துவிடும். பாகங்களைக் கட்டங்களாகவும் இணைப்புகளைக் கோடுகளாகவும் காட்டும் இரண்டு கட்டப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அம்புக்குறி போட்டு இணைத்தால் உண்மையிலேயே எங்கள் முதல் படம் மாதிரிதான் வந்தது. கட்டப் படத்தை மட்டும் கொடுத்து என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன்.

ஆனால் டிஜிட்டல் சுற்று கட்டப் படத்தில் வாழ்வதில்லை, நேரத்தில் வாழ்கிறது. எது முன், எது பின், எந்த விளிம்பில் என்பதுதான் அங்கே விஷயம். ஆகவே அந்த ஆணை சொன்னபடியே டி1-ஐயும் டி2-ஐயும் இணைத்து, ஒவ்வொரு கம்பியும் எப்போது ஏறி இறங்குகிறது என்று காட்டும் டைமிங் படம் வரைந்தேன். மேலே கிரிஸ்டல், அதன் கீழே ஆர்சி, அதன் கீழே டி2-இன் எச்சரிக்கை, தேர்வுக் கம்பி, இரண்டு அனுமதிகள், கடைசியில் வெளியீடு. கிரிஸ்டல் நிற்கிறது, கோடு நேராகிறது. கவுண்ட்டர் நிரம்புகிறது, எச்சரிக்கை எழுகிறது, தேர்வு மாறுகிறது. கிரிஸ்டலின் அனுமதி விழ வேண்டும். எப்போது விழும்? கிரிஸ்டலின் அடுத்த இறங்கு விளிம்பில். கிரிஸ்டல்தான் நின்றுவிட்டதே! அந்த விளிம்பு வரப்போவதில்லை. அனுமதி விழாது, ஆர்சியின் அனுமதி எழாது, வெளியீடு அப்படியே முட்டி நிற்கும். ரயில் உதாரணத்தில் சொன்னால், பழுதாகிப் பாதையிலேயே நிற்கும் வண்டி அது. எந்த நிலைமைக்காக இணைத்தார்களோ அந்த ஒரே நிலைமையில் மட்டும் வேலை செய்யாத சுற்று.

கட்டப் படத்தில் இது எவர் கண்ணுக்கும் தெரியாது. வெளிப்படைத்தன்மை பற்றிய மறுப்பு கையில் வந்தால் நான் இப்போது முதலில் செய்வது இதுதான்: எதிர்வாதம் யோசிப்பதற்கு முன்னால், அதிகாரி சொன்ன சேர்க்கையை அவர் சொன்னபடியே நேர்மையாகக் கட்டி, டைமிங் வரைந்து, ஓடுகிறதா என்று பார்ப்பது. ஓடினால் மேல்முறையீட்டுக்கு அவசரப்பட வேண்டாம்; அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஓடவில்லை என்றால், ஓட வைக்க இன்னும் என்ன தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த 'இன்னும்' எந்த ஆவணத்திலும் இல்லாவிட்டால் வழக்கு அங்கேதான் இருக்கிறது.

இதற்கு அடுத்து ஒரு சோதனை செய்தேன். சட்டத்தின் பார்வையில் இது சாட்சியம் ஆகாது. ஆனால் கண்ணைத் திறக்கும். பெரம்பூரில் இருக்கும் ஓர் இளம் பொறியாளர், சுற்று வடிவமைப்பில் சில வருட அனுபவம். கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தில் தந்திருந்த எங்கள் விவரக்குறிப்பைக் காட்டாமல், டி1, டி2 இரண்டையும் கையில் கொடுத்து, "தம்பி, கிரிஸ்டல் ஈரத்தில் நிற்கிறது. பதிவு விடுபடாமல் இருக்க என்ன செய்வாய்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் டி1-ஐப் பார்த்தார், அரை நிமிடத்தில் முட்டலைக் கண்டுபிடித்துவிட்டார். "அக்கா, இது இப்படியே தொங்கிவிடும்" என்றார். அப்புறம் டி2-ஐக் காட்டி, "இதில் ரீசெட் இருக்கிறதே. ரீசெட் ஆனதும் ஆர்சியில் எழுந்துகொள்ளும்படி வைத்துவிடுவேன்" என்றார்.

"மணி?"

"மணி போய்விடும். பதிவை நிலை நினைவகத்தில் வைத்திருந்தால் அது இருக்கும்." சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஆனால் அக்கா, நானாக இருந்தால் சுற்றில் கையே வைக்க மாட்டேன். பலகைக்கு மேல்பூச்சு அடித்துவிட்டுப் போய்விடுவேன்."

இந்தப் பதில் எனக்குத் தங்கம். துறையில் இருப்பவரின் கை இயல்பாக எங்கே போகிறது என்பதை இது காட்டியது: ஒன்று பூச்சுக்கு, இல்லையென்றால் ரீசெட்டுக்கு. கொருக்குப்பேட்டைக்காரர்கள் செய்தது இரண்டுமில்லை. கவுண்ட்டர் நிரம்பியதும் சிப்பை ரீசெட் செய்யாமல், கிரிஸ்டல் பக்கத்து அனுமதி ஃபிளிப்-ஃபிளாப்பை மட்டும், கிளாக்குக்காகக் காத்திராமல், அதன் கிளியர் கால் வழியாகக் கீழே தள்ளினார்கள். தள்ளியதோடு விடவில்லை, பிடித்தே வைத்தார்கள். கிரிஸ்டல் நடுவில் உயிர் பெற்றாலும் அதன் துடிப்பு வெளியே நழுவாது. அதன் பிறகு ஆர்சியின் இரண்டு இறங்கு விளிம்புகள் காத்திருப்பு. காத்திருக்கும் அந்த இடைவெளிக்குள் இன்னொரு வேலை: கிரிஸ்டல் நின்றதிலிருந்து கவுண்ட்டர் நிரம்பும்வரை ஓடிப்போன நேரத்தை மணிக் கணக்கில் சேர்ப்பது. கிரிஸ்டல் நன்றாக இருந்தபோது, அதன் ஒரு நொடிக்கு ஆர்சி எத்தனை துடிக்கிறது என்று அவ்வப்போது அளந்து வைத்திருப்பார்கள். அந்த விகிதத்தை வைத்துத்தான் மாற்றிச் சேர்ப்பது. சேர்த்து முடித்த பின்பே ஆர்சி வெளியே வரும்.

அந்த நேரம் என்ன பெரிய நேரம் என்று தோன்றலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த வகைக் கிரிஸ்டல் எழுந்து நிலைக்கவே பல நூறு மில்லிநொடி, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஆகவே கண்டுபிடிக்கும் வரம்பை மிகக் குறுகலாக வைக்க முடியாது. இவர்கள் நொடிக் கணக்கில் வைத்திருந்தார்கள். அதுவுமில்லாமல் ஈரத்தில் கிரிஸ்டல் ஒரேயடியாகச் சாவதில்லை. நிற்கும், ஓடும், நிற்கும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒன்றிரண்டு நொடி என்றால் ஓர் இரவுப் பயணத்தில் நிமிடங்களாகச் சேர்ந்துவிடும். அலைக்காட்டியில் அந்தத் தடுமாற்றத்தைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே இப்படிச் சேர்க்க வேண்டும் என்றே தோன்றியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 2(1)(ஜேஏ) 'கண்டுபிடிப்புப் படி' என்பதை வரையறுக்கிறது. அதன்படி, கண்டுபிடிப்பின் ஒரு கூறில், ஏற்கெனவே உள்ள அறிவோடு ஒப்பிட்டால் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும். அதோடு அந்தக் கூறு, துறை வல்லுநருக்கு வெளிப்படையாக இருக்கவும் கூடாது. மீன் வியாபாரத்தில் எவ்வளவு பணம் மிச்சமாகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அது முதல் பாதிக்குத்தான் உதவும். இரண்டாம் பாதியைப் பணத்தால் தாண்ட முடியாது.

உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்த பிஸ்வநாத் பிரசாத் ராதேஷியாம் வழக்கு, பாத்திரம் கடையும் லேத் சம்பந்தப்பட்டது. நம் சுற்றுக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்கலாம். அதில் எடுத்தாளப்பட்ட கேள்விதான் உறவு: முந்தைய ஆவணத்தை, முன்னுரிமைத் தேதியில், அதாவது முதலில் விண்ணப்பித்த நாளில், உள்ள பொது அறிவோடு, அதே பிரச்சினையை எதிர்கொள்ளும் ஆனால் இந்தக் கண்டுபிடிப்பைப் பார்க்காத ஒரு திறமையான வினைஞரிடம் கொடுத்தால், 'எனக்கு வேண்டியதை இது தருகிறது' என்று சொல்வாரா? கண்டுபிடிப்பைப் பார்க்காத என்பது இதில் உயிர்நாடி. விடையைப் பார்த்துவிட்டு வினாவுக்குத் திரும்புகிறவருக்கு எல்லாமே சுலபம். பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1947-இல் விண்ணப்பித்து 1953-இல் காப்புரிமை பெற்ற எண்முறையில், அடுத்தடுத்த எண்களுக்கிடையே ஒரே ஒரு பிட்தான் மாறும். இன்று அதை வகுப்பில் ஐந்து நிமிடத்தில் நடத்திவிடுகிறார்கள்.

2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அக்ரிபோர்டு வழக்கில் சொன்னது எங்களுக்கு நேரடியாக உதவியது. கண்டுபிடிப்புப் படி இல்லை என்று நிராகரிக்கும் ஆணையில் மூன்றும் பேசப்பட வேண்டும்: முந்தைய ஆவணங்கள் வெளிப்படுத்துவது என்ன, விண்ணப்பத்தில் உள்ள கண்டுபிடிப்பு என்ன, முன்னதிலிருந்து பின்னது எந்த வகையில் துறை வல்லுநருக்கு வெளிப்படையாகிறது. டெல்லித் தீர்ப்பு சென்னையைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் மதிக்கப்படும். அமெரிக்காவில் 2007-இல் வந்த கேஎஸ்ஆர் தீர்ப்பையும் எதிர்பார்த்துத் தயாராக இருந்தோம். கார் பெடலில் மின்னணு உணரியைப் பொருத்திய வழக்கு அது. தெரிந்த உறுப்புகளைத் தெரிந்த முறையில் சேர்த்து, எதிர்பார்த்த விளைவே வந்தால் அது வெளிப்படையானதாகவே இருக்கக்கூடும் என்ற கருத்துக்காக அதை எல்லோரும் எடுத்துவருவார்கள். எடுத்து வரட்டும் என்றுதான் இருந்தேன். இங்கே தெரிந்த உறுப்புகளைத் தெரிந்த முறையில் சேர்த்தால் கிடைக்கும் விளைவு, தொங்கி நிற்பது.

வழக்கறிஞரின் அறை தம்புச் செட்டித் தெருவில். அறுபது வயதுக்காரர், உரிமையியல் சட்டத்தில் ஊறியவர், மின்னணுவியல் வாசனை கிடையாது. எனக்கு அது வசதியாகவே இருந்தது. அவருக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால் நீதிமன்றத்திலும் சொல்ல முடியும். டைமிங் படத்தை ஏ3 தாளில் அச்சிட்டு, கிரிஸ்டலுக்கு நீலம், ஆர்சிக்குச் சிவப்பு என்று கோடு போட்டு மேஜைமேல் விரித்தேன். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மேலிருந்து கீழாக விரலை ஓட்டி வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஏம்மா, இந்த நீலக் கோடு இங்கே ஏன் இறங்காமல் நேராகவே போகிறது?"

"அதுதான் சார் வழக்கு."

அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஃபிளிப்-ஃபிளாப் என்றால் என்ன என்று கேட்கவில்லை. அந்தக் கோடு ஏன் இறங்கவில்லை, இறங்க வைக்க எந்த ஆவணம் வழி சொல்கிறது என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே மனுவின் காரணங்களை அமைத்தார். நான் எழுதிக் கொடுத்த நீண்ட குறிப்பில் பெரும் பகுதி வெளியே போயிற்று. சரியான வெட்டு. மேல்முறையீட்டில் பத்துக் காரணம் அடுக்கினால் பத்தும் சம எடையில் கேட்கப்படும். வலுவான ஒன்று அதில் அமுங்கிப்போகும்.

எதிர்த்தரப்பான காப்புரிமை அலுவலகத்தின் வாதம் சாதாரணமானதில்லை. 'முட்டி நிற்கிறது என்று தெரிந்தால் எந்தப் பொறியாளரும் கிளியர் காலைப் பயன்படுத்துவார். ஃபிளிப்-ஃபிளாப்புக்குக் கிளியர் கால் இருப்பது பாடப்புத்தகத்தில் உள்ளது' என்றார்கள். இதை நான் எளிதாக ஒதுக்கவில்லை. அந்தக் கால் இருப்பது பொது அறிவு என்பதில் சந்தேகமே இல்லை. அதைப் பயன்படுத்த முடியும் என்பதும் உண்மை. எங்கள் பதில்: முடியுமா என்பதோடு கேள்வி முடியவில்லை, அந்த வல்லுநர் அதைச் செய்திருப்பாரா, செய்யத் தூண்டுவது எது என்பதும் கேட்கப்பட வேண்டும். அவர் கையில் இருக்கும் டி2-வோ, கிளாக் நின்றால் சிப்பை முழுவதும் ரீசெட் செய் என்கிறது. தெரிந்த நிலைக்குத் திரும்புவதுதான் அந்தச் சுற்றின் நோக்கமே. நிலையைக் காப்பாற்றிக்கொண்டே மாறுவது அதற்கு நேர் எதிர்த்திசை.

இதில் பாதி வெற்றி கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது, முழு வெற்றி கிடையாது. எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் உரிமைக்கோரிக்கைகளில், தாக்கல் செய்திருந்த முதலாவது அகலமானது: கண்டுபிடிப்பான், கிளியர், மாற்றம், அவ்வளவுதான். நேரத்தைச் சேர்க்கும் வேலை, முன்னதன்மேல் கூடுதல் அம்சம் சேர்க்கும் சார்புக் கோரிக்கைகளில் ஏழாவதில் தூங்கிக்கொண்டிருந்தது. வழக்கறிஞரும் நானும் சேர்ந்து நிறுவனரிடம் பேசி, ஏழாவதை முதலாவதுக்குள் கொண்டுவந்து திருத்தக் கோரிக்கைத் தொகுப்பு ஒன்றையும் மாற்றாகத் தாக்கல் செய்தோம். பிரிவு 59 இந்த விஷயத்தில் கண்டிப்பானது. திருத்தம் சுருக்குவதாக இருக்கலாம், விரிப்பதாக இருக்கக் கூடாது. முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பில் இல்லாத எதையும் பின்னால் நுழைக்க முடியாது. நல்லவேளையாக அந்த விவரக்குறிப்பில் டைமிங் படம் ஒன்று இருந்தது. காத்திருக்கும் இரண்டு விளிம்புகள், சேர்க்கும் கணம் எல்லாம் அதில் குறிக்கப்பட்டிருந்தன. அது இல்லாமல் வெறும் கட்டப் படம் மட்டும் இருந்திருந்தால் திருத்துவதற்குப் பிடிமானமே கிடைத்திருக்காது. டிஜிட்டல் சுற்றுக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் இதற்காகவே டைமிங் படங்களைத் தாராளமாகப் போட வேண்டும்: சாதாரணமாக ஓடும்போது ஒன்று, பழுதாகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. முந்தைய சுற்று எங்கே தொங்குகிறது என்று காட்டும் படமும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

இடையில், கணினி நிரலுக்கு அதன் அளவில் காப்புரிமை இல்லை என்னும் பிரிவு 3(கே) தலை காட்டியது. சுற்றை வெரிலாக் மொழியில் எழுதி விண்ணப்பத்தோடு இணைத்திருந்ததால், கணினி நிரல் என்ற பேச்சு எழுந்தது. வெரிலாக் வன்பொருளை விவரிக்கும் மொழி. அந்த வரிகளை எந்தச் செயலியும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவதில்லை, அவற்றிலிருந்து கேட்டுகளும் ஃபிளிப்-ஃபிளாப்புகளும் பிறக்கின்றன. கோரிக்கையில் ஃபிளிப்-ஃபிளாப், கிளியர் கால் என்று உறுப்புகளாகவே எழுதியிருந்ததால் அது நீடிக்கவில்லை. 'ஒரு தொகுதி', 'ஒரு வழிமுறை' என்று மட்டும் எழுதியிருந்தால் கஷ்டம்தான்.

எல்லா நிராகரிப்பும் மேல்முறையீட்டுக்கு ஏற்றதல்ல. மணலியிலிருந்து ஒருவர் எடைமேடைத் தடுப்புக் கட்டையின் கட்டுப்பாட்டுச் சுற்றோடு வந்தார். முந்தைய ஆவணத்தில் ஆண்ட்-ஆர் அமைப்பு. இவருடையதில் எல்லாம் நாண்ட் கேட். ஒரே தர்க்கத்தை வேறு கேட்டுகளால் எழுத உதவும் டி மார்கன் விதியைப் போட்டால் இரண்டும் ஒன்றே. இவருடைய சுற்றில் பாகம் குறைவு, விலை குறைவு, நல்ல பொறியியல். ஆனால் டைமிங் படம் வரைந்தால் இரண்டு சுற்றுக்கும் ஒவ்வொரு விளிம்பும் ஒரே இடத்தில் விழுந்தது. மேல்முறையீட்டுச் செலவை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சிப்பின் தளவமைப்பு தனித்துவமாக இருந்தால் 2000-ஆம் ஆண்டுக் குறைக்கடத்தித் தொகுசுற்றுத் தளவமைப்புச் சட்டம் 10 ஆண்டுப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் அவரிடம் சொந்தச் சிப் கிடையாது, கடையில் வாங்கிய ஐசிகள்தான். முகம் வாடித்தான் போனார்.

காலக் கணக்கில் கவனம் வேண்டும். கட்டுப்பாட்டாளர் முன் விசாரணை முடிந்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வ வாதம் தர வேண்டும். மேல்முறையீட்டில் நீதிமன்றம் முதலில் புரட்டுவது அதைத்தான் என்பதால், டைமிங் படத்தை அங்கேயே இணைத்துவிடுவது நல்லது. 'இது கீழே சொல்லப்படவில்லை' என்ற பேச்சுக்கு இடம் இருக்காது. பிரிவு 15-இன் கீழ் நிராகரிப்பு வந்தால், மேல்முறையீடு செய்யப் பிரிவு 117ஏ-இன்படி ஆணைத் தேதியிலிருந்து 3 மாதம். கேட்பதற்கு நிறைய நாள் போல இருக்கும். சேர்க்கையைக் கட்டிப் பார்க்க, ஆவணங்களின் தேதியைச் சரிபார்க்க, வாடிக்கையாளர் பணம் புரட்ட, எல்லாம் அதற்குள் நடந்தாக வேண்டும். ஆவணத் தேதியைச் சரிபார்ப்பது சடங்கல்ல. சிப் நிறுவனங்களின் பயன்பாட்டுக் குறிப்புகள் பலமுறை திருத்தி வெளியிடப்படுபவை. இன்று கிடைக்கும் பதிப்பில் இருக்கும் பத்தி, முன்னுரிமைத் தேதிக்கு முந்தைய பதிப்பில் இல்லாமல் இருக்கலாம். முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கும் ஆண்டை நம்பாமல், கடைசிப் பக்கத்தில் உள்ள திருத்த வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

உயர் நீதிமன்றத்திடம் நேராகக் காப்புரிமையையே எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம்: பல வழக்குகளில் கிடைப்பது, ஆணை ரத்தாகி, மறுபரிசீலனைக்குத் திரும்பிப் போவதுதான். எங்களுக்கும் அதுவே கிடைத்தது. திருத்திய கோரிக்கைகளை வைத்து, வேறொரு அதிகாரி புதிதாக விசாரிக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அங்கே புது அதிகாரி முதலில் கேட்டதே டைமிங் படத்தைத்தான். நேரத்தைச் சேர்த்த பிறகு கிளாக்கை விடுவதா, விட்ட பிறகு சேர்ப்பதா, விட்ட பிறகு சேர்த்தால் என்ன கெட்டுவிடும் என்று துளைத்தெடுத்தார். விட்ட பிறகு சேர்த்தால், அந்த இடைவெளியில் ஒரு வெப்பநிலைப் பதிவு விழுந்தால் அது பழைய மணியோடு பதிவாகிவிடும் என்று நிறுவனத்தின் பொறியாளர் பலகையைக் காட்டியே விளக்கினார். இதைவிட நல்ல விசாரணையை நான் பார்த்ததில்லை. சுருக்கிய கோரிக்கைக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. 20 ஆண்டு விண்ணப்பத் தேதியிலிருந்தே எண்ணப்படுவதால், மேல்முறையீட்டில் கழிந்த காலம் கழிந்ததுதான்.

நிறுவனருக்கு அரை மனது. சான்றிதழை வாங்கிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "மேடம், நாளைக்குப் பக்கத்துத் தெருக்காரர் நேரத்தைச் சேர்க்காமல், கிளியர் மட்டும் போட்டு இதே கருவியைச் செய்தால்?"

"செய்யலாம். நம் காப்புரிமை அவரைத் தடுக்காது."

"அப்புறம் எதற்கு இவ்வளவு பாடு?"

"அவர் கருவி ஈரத்தில் தொங்காது. ஆனால் விடிவதற்குள் மணி சில நிமிடம் பின்தங்கிவிடும். உங்களிடம் வாங்குகிறவர்களுக்கு அது பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் அந்த அகலமான கோரிக்கை போனதில் அவருக்கு இன்னும் வருத்தம்தான். எனக்கு வருத்தமில்லை. எதிர்த்தரப்பில் நான் இருந்திருந்தால், அதை ஒரு பாடப்புத்தகத்தையும் அந்தக் கிளியர் காலையும் வைத்து நானே உடைத்திருப்பேன்.